வளவுக்குள் ஸ்ப்ரே பெயிண்ட் கொண்டுபோன கதை

கண்காட்சி முடிந்து நான்கு நாள் ஆகிறது. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: செட்டிநாட்டுப் பழைய வீட்டில் யாராவது "இந்தச் சுவரில் வரைந்துகொள்ளுங்கள்" என்றால், அந்த வீட்டுக்கு எத்தனை பங்கு என்று கேட்காமல் கேனைக் குலுக்காதீர்கள்.

நான் கட்சிச் சுவரெழுத்தில் தொடங்கியவன். நிழல் விழும் பட்டை எழுத்தை அங்கே கற்றுக்கொண்டு, அப்புறம் ஸ்ப்ரேவுக்கு மாறினேன். காரைக்குடியைச் சுற்றியுள்ள காம்பவுண்டு சுவர்களில் ஒற்றைத் தமிழ் எழுத்தைப் பத்தடி உயரத்துக்கு இழுத்து வரைவேன். அதைப் பார்த்துத்தான், பழைய வீடு ஒன்றைக் கேலரியாக மாற்றியிருந்தவர் கூப்பிட்டார். வளவின், அதாவது தூண்கள் சூழ்ந்த உள்முற்றத்தின், வடக்குச் சுவர் முழுக்க எனக்கு என்றார். எல்லாம் வாய்ப்பேச்சுதான், கடிதம் எதுவும் வாங்கவில்லை.

மூன்றாம் நாள், படைப்புக்காக, அதாவது முன்னோருக்குப் படையல் போடும் சடங்குக்காக, ஊருக்கு வந்திருந்த பங்காளி ஒருவர் உள்ளே வந்தார். நான் சாக்பீஸில் கோடு போட்டு முடித்திருந்தேன். வீட்டில் அவருக்கும் பங்கு உண்டு. அவரிடம் யாரும் கேட்கவே இல்லை. அவர் சத்தம் போடவில்லை. "கையை வெச்சுப் பாருங்க தம்பி, எங்க ஐயா காலத்துப் பூச்சு" என்றார். வைத்தேன். சுண்ணாம்பு, கடுக்காய்ச் சாறு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துப் பூசித் தேய்த்த சுவர். மத்தியான வெயிலிலும் குளிர்ந்து, கண்ணாடி மாதிரி வழுக்கியது. அதில் பெயிண்ட் பிடிக்க வேண்டுமானால் உப்புத்தாள் போட வேண்டும். போட்டால் மேல்பூச்சு போய்விடும், அதைத் திரும்பப் பூசத் தெரிந்த கொத்தனார் இன்று அரிது. பெயிண்ட் மூடிவிட்டால் சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடவும் வழியில்லை. அவர் சொன்னதுதான் நியாயம். என் கோபமெல்லாம் என்னை அழைத்தவர் மேல்தான். "எல்லாரும் சரின்னுட்டாங்க" என்று சொன்னவர் அவர்.

சரி, பலகையில் வரைவது என்று முடிவானது. தேக்குத் தூண்களில் தூசி படியும் என்பதால் வீட்டுக்குள் ஸ்ப்ரே அடிக்கக் கூடாது. என் கொட்டகையிலேயே 8-க்கு 4 அடி பிளைவுட் இரண்டைச் சட்டம் அடித்துச் சேர்த்து வரைந்தேன். குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினால், நிலைவாசலில் நுழையவில்லை! வண்டி வாடகையோடு ஒரு பகலும் வீணானது. மறுநாள் ஆசாரியைக் கூட்டிவந்து சட்டத்தைக் கழற்றி, இரண்டாக உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்தோம். 'ழ'வின் சுழி நடுவில் மயிரிழை அளவுக்கு உடைந்து தெரிகிறது. இன்னும் உறுத்துகிறது. வாசலை அளந்துவிட்டுப் பலகை வாங்குங்கள்.

சுவரில் ஆணி அடிக்கவும் அனுமதி இல்லை. மரக்கால் வைத்து நிறுத்தினோம். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் கீறல் விழாமல் அடியில் சாக்கு மடித்துப் போட்டோம்.

அடுத்தது, படத்தின் விவரம் எழுதிக் கொடுக்கும் படிவம். என்ன பெயிண்ட் என்ற கட்டத்தில் 'ஸ்ப்ரே பெயிண்ட், பிளைவுட்' என்று எழுதியதை அங்கே கணக்குப் பார்ப்பவர் மூன்று முறை திருப்பி அனுப்பினார். 'ஆயில்' என்று போட்டால்தான் விலை போகும் என்றார். வாங்குகிறவருக்கு அப்படி ஒரு பொய்யைக் கொடுக்க மனசு வரவில்லை. கடைசியில் நான் எழுதியபடியேதான் அட்டையில் அச்சானது. அதில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

இந்த முறை ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்கினேன். கமிஷன் எத்தனை சதவீதம், பணம் எத்தனை நாளில், திரும்பி வரும் வண்டி வாடகை யாருடையது, கீறல் விழுந்தால் யார் பொறுப்பு, இந்த நான்கும் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

திறப்பு அன்று எனக்குச் சுவரெழுத்து கற்றுத்தந்த அண்ணன் வந்திருந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து, வெகுநேரம் பக்கத்தில் நின்று பார்த்தார். "நிழல் எங்கயும் மாறாம ஒரே பக்கமா விழுதுடா" என்றார். அவர் வாயில் அந்த வார்த்தையைக் கேட்க எனக்குப் பன்னிரண்டு வருஷம் ஆனது.

சின்னப் பலகை ஒன்று அன்றைக்கே விற்றுப்போனது. ஒப்பந்தப்படி 30 நாளில் பணம் தர வேண்டும். இன்று 22-ஆம் நாள்.