புண்ணாக்குக் கணக்கு: ஏஐ துணையோடு மரச்செக்கு போட்ட அனுபவம்

ஈரோடு மாவட்டம் சிவகிரிப் பக்கம், எங்கள் தோட்டத்தை ஒட்டிய சாலையோரத்தில் ஒரு மரச்செக்கு போடுவது என்று 2024 தொடக்கத்தில் முடிவு செய்தேன். திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவள் நான். வரவு செலவு எழுதத் தெரியும், வியாபாரம் தெரியாது. ஆலோசகர் வைத்துக்கொள்ளும் அளவுக்குப் பணமும் இல்லை. அதனால் வீட்டு வேலை முடிந்தபின் கைப்பேசியில் ஒரு ஏஐ செயலியோடு பேசிப் பேசித்தான் திட்டம் போட்டேன். இதே மாதிரி இறங்க நினைக்கிறவர்களுக்கு உதவட்டும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

எல்லோரும் கேட்பதைத்தான் நானும் முதலில் கேட்டேன்: "மரச்செக்கு எண்ணெய்த் தொழிலுக்கு ஒரு திட்டம் கொடு." சந்தை ஆய்வு, தரம், சமூக ஊடக விளம்பரம் என்று நீளமாக ஒன்று வந்தது. அதில் எண்ணெய் என்று இருக்கும் இடத்தில் ஊறுகாய் என்று போட்டாலும் ஒரு வரிகூட மாற வேண்டியிருக்காது.

அப்புறம் கேட்கும் முறையை மாற்றினேன். "நீ திட்டம் தர வேண்டாம், என்னைக் கேள்வி கேள். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. எனக்குப் பதில் தெரியாவிட்டால் யாரிடம் போய் விசாரிப்பது என்று சொல்" என்றேன். அங்கிருந்துதான் உருப்படியாக நடந்தது. நூறு கிலோ நிலக்கடலைப் பருப்பு ஆட்டினால் எண்ணெய் எத்தனை கிலோ? மிச்சத்தை யார், என்ன விலைக்கு வாங்குவார்கள்? பருப்பு ஆண்டு முழுக்க ஒரே விலையில் கிடைக்குமா, அறுவடை சமயத்தில் வாங்கி அடுக்க வேண்டுமா? அடுக்கினால் அவ்வளவு பணம் எங்கிருந்து வரும்? மின்சாரத்துக்கு என்ன ஏற்பாடு? இந்தக் கடைசிக் கேள்விதான் என்னை மின்வாரிய அலுவலகத்துக்கு அனுப்பியது. தோட்டத்துக் கிணற்று மோட்டாருக்கு வரும் இலவச மின்சாரத்தைச் செக்குக்குத் தொடக்கூடாது, தனி இணைப்பு வாங்க வேண்டும். அந்தச் செலவும் பட்டியலில் ஏறியது.

மற்ற பதில்களுக்கு ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குப் போனேன். ஏலம் நடக்கும் நாளில் ஓரமாக நின்று விலைகளைக் குறித்துக்கொண்டேன். பக்கத்து ஊரில் பல வருடங்களாகச் செக்கு ஓட்டும் பெரியவர் ஒருவரிடமும் போய் உட்கார்ந்தேன். எண்ணெய்க்கு என்ன லாபம் நிற்கும் என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டார். "எண்ணெய் வித்தா பொழைக்கிறோம் அம்மணி? புண்ணாக்கு வித்துல்ல பொழைக்கிறோம்!"

அவர் சொன்னதையும் நான் குறித்து வந்த விலைகளையும் அப்படியே ஏஐயிடம் கொடுத்தேன். கணக்கு இப்படி வந்தது. நூறு கிலோ பருப்பு, கிலோ 110 ரூபாய் என்றால் 11,000. எண்ணெய் 42 கிலோ, அதாவது சுமார் 46 லிட்டர். லிட்டர் 250 ரூபாய்க்குக் கொடுத்தால் 11,500. பாட்டில், லேபிள், கூலி, மின்சாரம் எல்லாம் சேர்த்து 1,600. இதோடு நிறுத்தினால் 1,100 ரூபாய் நட்டம். 55 கிலோ புண்ணாக்கை 40 ரூபாய் வீதம் விற்றால் 2,200 வருகிறது. அப்போதுதான் 1,100 ரூபாய் லாபம். பெரியவர் ஒரே வரியில் சொன்னதுதான்! ஆனால் புண்ணாக்கு விலை ஐந்து ரூபாய் இறங்கினால், பருப்பு ஐந்து ரூபாய் ஏறினால், எண்ணெய் இரண்டு கிலோ குறைந்தால் என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க எனக்கு ஒரு ராத்திரி முழுக்கப் பிடித்திருக்கும். இங்கே நிமிடத்தில் முடிந்தது. ஆண்டு முழுக்கப் புண்ணாக்கு வாங்கும் மாட்டுப் பண்ணைகளை முதலில் பிடி, எண்ணெய்க் கடைகளை அப்புறம் தேடு என்று அதுவே சொன்னது. நான் நேர்மாறாகச் செய்வதாக இருந்தேன்.

தொழிலின் போக்கையே மாற்றியது சரக்கு அடுக்குவதைப் பற்றிய பேச்சுதான். தினம் நூறு கிலோ ஆட்ட, 75 நாளுக்குப் பருப்பு வாங்கி வைத்தால் எட்டேகால் லட்சம் ரூபாய் மூட்டையாக முடங்கிவிடும். 11 சதவீத வட்டி என்றால் மாதம் ஏழாயிரத்து ஐநூறுக்கு மேல். செக்கு ஓடும் நாட்களுக்கு மட்டும் பிரித்துப் போட்டால், நாள் லாபத்தில் முந்நூறு ரூபாய் வட்டிக்கே போகிறது. பூச்சி விழுந்தால், விலை இறங்கினால் அது தனி. "சரக்கு வாங்காமலே செக்கை ஓட்ட உங்கள் ஊரில் வழி இருக்கிறதா?" என்று ஏஐ கேட்டது. இருக்கிறதே! கூலிக்கு ஆட்டிக் கொடுப்பது. விவசாயி தன் பருப்பைக் கொண்டு வருவார், கிலோவுக்கு இவ்வளவு என்று கொடுத்து எண்ணெயையும் புண்ணாக்கையும் எடுத்துப் போவார். சிலர் பணத்துக்குப் பதில் புண்ணாக்கில் ஒரு பங்கை விட்டுப் போவார்கள். எங்கள் பக்கம் இது பழைய வழக்கம். ஆனால் ஏஐ கொடுத்த எந்தத் திட்டத்திலும் இந்த வழி இல்லை. நான் சொன்ன பிறகுதான் கணக்கில் சேர்த்தது. கிலோவுக்குப் பத்து ரூபாய் கூலி என்று போட்டால், செலவு போக நாளைக்கு ஐநூறு நிற்கும். வட்டி கழித்த எண்ணூறுக்கும் இந்த ஐநூறுக்கும் இடையில் எட்டு லட்சம் ரூபாய் ஆபத்து நிற்கிறது என்பதைக் கண்ணால் பார்த்ததும் எனக்குக் குழப்பமே இல்லை. வாரத்தில் பெரும்பகுதி கூலி ஆட்டம், மீதி நாளில் மட்டும் சொந்த எண்ணெய் என்று முடிவு செய்தேன்.

அனுமதி விஷயங்களில் ஏஐ சொன்னதை அப்படியே நம்பக்கூடாது. 20 லட்சம் விற்பனை தாண்டினால் ஜிஎஸ்டி என்றது. அது கூலி ஆட்டம் போன்ற சேவையும் செய்பவர்களுக்கான வரம்பு. பொருள் மட்டும் விற்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் 40 லட்சம் என்று ஆடிட்டர் திருத்தினார். வெளிமாநிலத்துக்குச் சரக்கு அனுப்பினால் இந்த வரம்பு செல்லாது, பதிவு கட்டாயம். உணவுப் பாதுகாப்புப் பதிவு, நான் விண்ணப்பித்தபோது, 12 லட்சம் வரை விற்பனைக்கு ஆண்டுக்கு நூறு ரூபாய்தான். சிறு தொழில்களுக்கான அரசின் உதயம் பதிவுக்குக் கட்டணமே இல்லை. காசு கேட்கும் இணையதளங்கள் இருக்கின்றன, அரசுத் தளத்திலேயே செய்யுங்கள். ஆனால் ஒன்றை அது சரியாக எச்சரித்தது: சமையல் எண்ணெயைப் பொட்டலமிடாமல் சில்லறையாக ஊற்றி விற்க விதி இடம் தருவதில்லை. தூக்குச்சட்டி கொண்டு வந்தால் ஊற்றித் தருகிறேன் என்று எழுதி வைத்திருந்த பலகை வேலையை நிறுத்தினேன். லேபிளில் லிட்டரோடு எடையையும் போட வேண்டும் என்று சொன்னதும் அதுதான். கடலை எண்ணெய் ஒரு லிட்டர் 910 கிராம் வரும். அதே லேபிளுக்கு 'இதய நோயைத் தடுக்கும்' என்று ஒரு வாசகமும் எழுதிக் கொடுத்தது. உணவுப் பொருளில் நோய் தடுக்கும் என்று போடவே கூடாது. வெட்டிவிட்டேன்.

கடனுக்குப் பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம் பொருந்தியது. கிராமப்புறத்தில் பெண் தொழில்முனைவோருக்குத் திட்டச் செலவில் 35 சதவீதம் மானியம், நாம் போட வேண்டிய கைப்பணம் 5 சதவீதம். ஏஐ போட்ட மாதாந்திரக் கணக்கில் மானியம் இரண்டாம் மாதமே கைக்கு வருவதாக இருந்தது. மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டபோதுதான் தெரிந்தது, அந்தப் பணம் வங்கியில் நம் பெயரில் மூன்று ஆண்டு வைப்பாக இருந்து பிறகுதான் கடனில் கழியும். அந்தத் தொகைக்குக் கடன் வட்டி கிடையாது என்பது ஆறுதல். மாதத் தவணையை அதற்கேற்பத் திரும்பப் போட்டேன்.

வங்கிக்குப் போகும் முன் ஒரு காரியம் செய்தேன், இதை மட்டும் யாரும் தவற விடாதீர்கள். "நீதான் வங்கி மேலாளர். எனக்குக் கடன் மறுக்க வேண்டும். காரணங்களைச் சொல்" என்றேன். முதல் வருடமே 80 சதவீதம் திறனில் ஓடும் என்பதை யார் நம்புவது, இயந்திரம் பழுதானால் பழுது பார்க்க யார், கூலி ஆட்டம் அறுவடை முடிந்ததும் படுத்துவிடாதா என்று வரிசையாகக் கேட்டது. திறனை 50 சதவீதமாகக் குறைத்து அறிக்கையை மாற்றினேன். நேரில் மேலாளர் இவற்றில் இரண்டைக் கேட்டார். கூடவே ஏஐக்குத் தோன்றாத ஒன்றையும் கேட்டார்: "இடம் யார் பேர்ல இருக்குதுங்க?" மாமனார் பேரில். குத்தகைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுத்த பிறகுதான் கோப்பு நகர்ந்தது. ஆதார், பான், வங்கிக் கணக்கு எண் எதையும் நான் ஏஐயில் பதியவில்லை. கணக்குக்கு அவை தேவையும் இல்லை.

செக்கு ஓடத் தொடங்கியபின் பேச்சு குறைந்துவிட்டது, மாதக் கடைசியில் கணக்கைக் காட்டிக் கேட்பதோடு சரி. எள் ஆட்டும்போது போடும் கருப்பட்டியை அதன் செலவுப் பட்டியலில் இன்னும் நான்தான் நினைவுபடுத்திச் சேர்க்க வேண்டியிருக்கிறது. 2025ல் தேங்காய் விலை ஏறியபோது கொப்பரை வாங்கி அடுக்கலாமா என்று கேட்டேன். எண்ணெய் விலையும் கூடவே ஏறுகிறது என்று காட்டி வாங்கலாம் என்றது. சரிதான், ஆனால் எங்கள் ஊரில் அந்த விலைக்குத் தேங்காய் எண்ணெய் வாங்கும் வீடுகள் எத்தனை என்று எனக்குத் தெரியும். கொப்பரையைக் கூலிக்கு மட்டும் ஆட்டுவது என்று வைத்துக்கொண்டேன்.