டார்ச்சைக் கையில் எடுக்கும் முன்: ஒருமுறை தோற்றவன் எழுதுவது

நகைச் செய்முறைத் தேர்வில் முதல் தடவை நான் தோற்றேன். எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண், வரைபடம் கச்சிதம், அறுப்பதும் அராவுவதும் பரவாயில்லை. பற்றவைப்பில்தான் கவிழ்ந்தேன், அதுவும் ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு விதமாக. அடுத்த தடவை தேறினேன். இடையில் புதிதாகக் கற்றது அதிகமில்லை. சின்ன கேஸ் டார்ச்சை எப்படிப் பார்த்து வாங்குவது, வாங்கியதை எங்கே காட்டுவது, அவ்வளவுதான். தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

கேட்ட வேலை எளிமையானது. 925 வெள்ளியில், அதாவது ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி கலந்த உலோகத்தில், ஒரு மோதிரம், அதன் தலையில் கல் பதிக்க ஒரு கூடு. வளையத்தின் கனம் 2 மில்லிமீட்டர், கூட்டின் தகடு அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. நான் கொண்டுபோனது பேனா மாதிரி மெலிந்த ஒரு பியூட்டேன் டார்ச். வளையத்தின் வாயை மூட உட்கார்ந்தேன். ஒரு நிமிடம் போனது, இரண்டு நிமிடம் போனது, வெள்ளி மங்கிய சிவப்புக்கு வரவே இல்லை. இணைப்பு சுத்தமாக இருக்கத் தடவும் வெண்காரம் பொங்கி, வெளுத்து, கடைசியில் கறுத்துப்போனது. இரு முனைகளையும் ஒட்டவைக்க வைத்த உலோகமான சாலிடர் துண்டு மட்டும் உருகிச் சுருண்டு, இணைப்பின் மேல் கடுகு மாதிரி உட்கார்ந்துகொண்டது.

பதறிப்போய் பக்கத்து மேசையில் இருந்த பெரிய டார்ச்சை இரவல் வாங்கினேன். வளையம் சட்டென்று மூடியது. அந்தத் தெம்பில் கூட்டையும் அதே தீயில் காட்டினேன். மூன்று எண்ணுவதற்குள் கூட்டின் விளிம்பு கண்ணாடி போல மின்னியது. வெள்ளி அப்படி மின்னினால் மேற்பரப்பு உருகிவிட்டது என்று அர்த்தம். கையை இழுப்பதற்குள் ஒரு பக்கம் சுருங்கிச் சொட்டாகிவிட்டது. சின்னது போதாமல் ஒரு தோல்வி, பெரியது மிஞ்சி ஒரு தோல்வி.

வாங்கும்போது நான் பார்த்தது பெட்டியில் அச்சடித்திருந்த 1,300 டிகிரி என்ற எண்ணை மட்டும்தான். அந்த எண்ணை நம்பி முடிவெடுக்காதீர்கள். பேனா டார்ச்சிலும் அதே எண் இருக்கும், பெரியதிலும் அதே எண் இருக்கும். தீக்குச்சியின் சுடர் கொதிநீரைவிடச் சூடானதுதான், அதை வைத்து ஒரு அண்டா தண்ணீரைக் கொதிக்க வைக்க முடியுமா? வெப்பநிலை வேறு, வெப்பத்தின் அளவு வேறு. வெள்ளி விஷயத்தில் இது இன்னும் மோசம், ஏனென்றால் உலோகங்களிலேயே வெப்பத்தை மிக நன்றாகக் கடத்துவது வெள்ளிதான். ஒரு முனையில் நீங்கள் கொடுக்கும் சூட்டை மறுமுனை இழுத்துக்கொண்டே இருக்கும். துண்டு முழுவதும் சூடேறாமல் இணைப்பு மட்டும் சூடேறாது.

அதனால் என் கணக்கு இப்போது இப்படி. கம்மல், சங்கிலிக் கண்ணி, மெல்லிய மோதிரம் என்றால் கையடக்க பியூட்டேன் டார்ச் தாராளமாகப் போதும். ஆனால் சுடரை ஊசி மாதிரியும் வைக்க வேண்டும், கட்டை விரல் பருமனுக்கு விரிக்கவும் வேண்டும். இரண்டும் ஒரே டார்ச்சில் வந்தால் அதை எடுங்கள். கனமான காப்பு, பெரிய பதக்கம் செய்யப்போகிறீர்கள் என்றால் அதோடு மல்லுக்கட்டாமல், குழாய் வைத்த புரொப்பேன் டார்ச்சுக்குப் போய்விடுவது நல்லது. கேஸுக்கும் காற்றுக்கும் தனித்தனித் திருகு இருக்கிறதா, விசையை அழுத்திக்கொண்டே இருக்காமல் பூட்டி வைக்க முடிகிறதா, அடிப்பகுதி அகலமாக மேசையில் சாயாமல் நிற்கிறதா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னது அற்பமாகத் தெரியும். எரிகிற டார்ச் மேசையில் சாய்ந்ததை ஒருமுறை பார்த்தால் அப்படித் தெரியாது. உள்ளே இருக்கும் பொறி விசைதான் பெரும்பாலும் முதலில் கெடும், ஆகவே தனியாக ஒரு லைட்டர் கைவசம் இருக்கட்டும்.

கேஸ் நிரப்புவதில் நான் செய்த தப்பு தனிக்கதை. தேர்வுக்குப் பத்து நிமிடம் முன்பு நிரப்பி, உடனே பற்றவைத்தேன். தீ மஞ்சளாகத் துப்பியது. திரவமாக இருக்கும் பியூட்டேன் குளிர்ச்சியாக உள்ளே போகிறது, டார்ச்சை உடனே சாய்த்தால் ஆவியாகாத திரவமே முனைக்கு வந்துவிடும். டார்ச்சை அணைத்து, ஆறவிட்டு, தலைகீழாகப் பிடித்து, கேனை மேலிருந்து செங்குத்தாக அழுத்தி நிரப்ப வேண்டும். அதற்கு முன் உள்ளே தங்கிய காற்றை வால்வை அழுத்தி வெளியேற்றிவிட்டால் தொட்டி முழுதாக நிரம்பும். பிறகு ஐந்து நிமிடமாவது சும்மா வையுங்கள். பியூட்டேன் காற்றைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கனமானது, கசிந்தால் கீழே தேங்கும். ஆகவே நிரப்புகிற இடமும் எரிக்கிற இடமும் ஒன்றாக இருக்கக்கூடாது. இன்னொன்று, பியூட்டேன் கொதிப்பது சுமார் பூஜ்ஜியம் டிகிரியில். தொடர்ந்து எரித்தால் தொட்டி குளிர்ந்து, அழுத்தம் குறைந்து, சுடர் சோர்ந்துபோகும். கேஸ் தீர்ந்துவிட்டது என்று நினைத்து நான் கேனைத் தேடியிருக்கிறேன். கொஞ்ச நேரம் அணைத்து வைத்தாலே சரியாகிவிடும்.

சரி, சுடருக்கு வருவோம். நன்றாக எரிகிற டார்ச்சில் உள்ளே ஒரு சின்ன நீலக் கூம்பு தெரியும், அதைச் சுற்றி மங்கலான வெளிச் சுடர். அதிகச் சூடு அந்தக் கூம்பின் முனையைச் சற்றுத் தாண்டி, வெளியே இருக்கிறது. புதிதாகக் கற்கிறவர்கள் கூம்பையே உலோகத்தில் முட்டவைப்பார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். அங்கே கேஸ் இன்னும் முழுதாக எரிந்திருக்காது, சூடும் குறைவு. ஒரு விரல் தள்ளிப் பிடித்தாலே வித்தியாசம் தெரியும். சீறல் அதிகமாகிச் சுடர் கூர்மையானால் காற்று கூடுதல், அது வெள்ளியைக் கறுக்க வைக்கும். கொஞ்சம் புசுபுசுவென்று மென்மையாக இருப்பதே பற்றவைப்புக்கு நல்லது.

அடுத்ததுதான் என்னைத் தேற்றிய பாடம். சாலிடரைச் சுடாதீர்கள், வெள்ளியைச் சுடுங்கள். உருகிய சாலிடர் சூடு எங்கே அதிகமோ அந்தப் பக்கம் ஓடும். முதல் தடவை என் தீ சாலிடர் மேலேயே நின்றது. துண்டு உருகியது, வெள்ளி குளிர்ந்து கிடந்தது, போக இடமில்லாமல் அது உருண்டுகொண்டது. இப்போது வளையத்தின் பின்பக்கத்திலிருந்து தொடங்கி, சுடரை வட்டமாக ஆட்டிக்கொண்டே இரு தோள்களையும் சமமாகச் சூடேற்றி, கடைசியில்தான் இணைப்புக்கு வருகிறேன். வெண்காரம் முதலில் நுரைக்கும். அந்த நேரத்தில் சாலிடர் துண்டு நகர்ந்துவிடும், சாமணத்தால் மெல்லத் தள்ளி வைக்கலாம். நுரை அடங்கி வெளுத்து, பிறகு தேன் மாதிரித் தெளியும். அதன் பின் சில நொடிகளில் இணைப்பின் நீளத்துக்கும் ஒரு வெள்ளிக் கோடு மின்னல் போல ஓடும். ஓடியதும் தீயை எடுத்துவிடுங்கள். ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகிறதென்றால் தொடர்ந்து சுடாதீர்கள். நிறுத்தி, அமிலத்தில் போட்டுச் சுத்தம் செய்து, புதிதாக வெண்காரம் தடவி மறுபடி தொடங்குவதுதான் வேகமான வழி.

கூட்டை வளையத்தில் ஒட்டும்போது இதே விதி இன்னும் கறாராகிறது. எளிதில் உருகும் சாலிடர் 720 டிகிரிக்கு அருகில் ஓடும், கடின ரகம் 780 டிகிரிக்கு அருகில். 925 வெள்ளியோ 800 டிகிரியைத் தாண்டியதுமே இளகத் தொடங்கும். இடைவெளி அவ்வளவு குறுகியது. ஆகவே வளையத்தின் வாயையும் கூட்டின் வாயையும் கடின ரகத்தில் மூடிவிட்டு, இரண்டையும் சேர்ப்பதற்கு மட்டும் எளிய ரகத்தை வைத்துக்கொள்ளுங்கள். தீ முழுக்க வளையத்துக்கே. கூடு மெல்லியது, வளையத்திடமிருந்தே தனக்கு வேண்டிய சூட்டை வாங்கிக்கொள்ளும்.

பயிற்சிக்கு நான் செம்புக் கம்பியில் ஐம்பது வளையமாவது மூடியிருப்பேன். கை பழகுவதற்கு அது சரி. ஆனால் செம்பு உருகுவது 1,085 டிகிரியில், எவ்வளவு சுட்டாலும் மன்னித்துவிடும். அந்தத் தைரியத்தோடு வெள்ளிக்குப் போனால் என் கூடு ஆன கதிதான். தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரமாவது வெள்ளித் துண்டிலேயே பழகுங்கள். ஒரு துண்டை வேண்டுமென்றே உருக்கிப் பாருங்கள். உருகுவதற்கு முந்தைய நிறம் கண்ணில் பதிந்துவிடும். சாலிடர் வாங்கும்போது காட்மியம் இல்லாததா என்று கேட்டு வாங்குங்கள், அந்தப் புகை நுரையீரலுக்கு நஞ்சு.

தேர்வு அறையில் முதலில் பார்க்க வேண்டியது மின்விசிறியும் விளக்கும். விசிறிக் காற்றில் சுடர் வளைந்து பாதிச் சூடு பறந்துவிடும். மேசை விளக்கு நேராக அடித்தால் மங்கிய சிவப்பே தெரியாது. நான் இரண்டாம் தடவை இரண்டு தீச்செங்கற்களை மூலை மாதிரி நிறுத்தி, அதற்குள் மோதிரத்தை வைத்தேன். காற்றும் மறைந்தது, நிழலும் கிடைத்தது, செங்கல் சூட்டைத் திருப்பியும் தந்தது. பாகங்கள் அசையாமல் இருக்கக் கட்டிய இரும்புக் கம்பியை அவிழ்க்காமல் மோதிரத்தை அமிலத்தில் போடாதீர்கள், செம்பு படிந்து இளஞ்சிவப்பாகிவிடும். எடுப்பதற்கும் செம்பு இடுக்கிதான். முடியைக் கட்டுங்கள், பாலியெஸ்டர் சட்டை வேண்டாம், கண்ணாடி போடுங்கள். அணைத்த டார்ச்சின் முனை வெகுநேரம் சுடும், அதை யாரும் தொடாத பக்கம் திருப்பி வையுங்கள்.

அந்த முறை வளையம் ஒரு நிமிடத்துக்குள் மூடியது, கூடு நேராக நின்றது. தேர்வாளர் மோதிரத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உள்பக்கம் இருந்த அரக் கீறலுக்கு மட்டும் மதிப்பெண் குறைத்தார். அதற்கு டார்ச்சைக் குறை சொல்ல முடியவில்லை.