டிராயிங் சாரின் வசூல் நோட்டு

டிராயிங் சார் இறந்துபோய்விட்டார் என்று நம் பள்ளியின் பழைய மாணவர் சங்கத்துக் குழுவில் செய்தி வந்ததும் ஆளாளுக்கு அவருடைய பிரம்பைப் பற்றி எழுதினார்கள். எனக்கு நினைவுக்கு வந்தது அவர் கையிலிருந்த வசூல் நோட்டுதான்.

நம் செட்டுக்கு விளக்க வேண்டியதில்லை. 1962 அக்டோபர் 20-ல் தொடங்கிய சண்டையை நவம்பர் 21-ல் சீனாக்காரனே நிறுத்திவிட்டான். நம் பள்ளியில் பாதுகாப்பு நிதி வசூல் சூடு பிடித்ததோ அதற்கப்புறம்தான். ஆபீஸ் ரூம் பக்கத்துக் கரும்பலகையில் சார் கலர் சாக்பீஸால் ஒரு ஜவானை வரைந்திருந்தார். முழங்கால் வரை பனி. அவர் பார்த்திராத பனி, உப்பளம் மாதிரி இருந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் காசு போடத் தோன்றும். பெண்களிடம் கம்பளி நூலும் ஊசியும் கொடுத்து ஸ்வெட்டர் பின்னச் சொன்னார்கள். நம் ஊர் வெக்கையில் நூல் விரலோடு ஒட்டிக்கொண்டது. காங்கிரஸ்காரர்களும் கழகத்துக்காரர்களும் ஒரே மேடையில் நிதி கேட்டதை அப்போதுதான் பார்த்தேன்.

பிரேயரில் தினமும் பெயர் வாசிப்பு. அரிசி மில் வீட்டுப் பையன் மோதிரத்தையே கழற்றிக் கொடுத்தான். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. என் பெயருக்கு நேரே ஒன்றுமில்லை. “ஏண்டா, ஆசாரி வீட்டிலேயே தங்கத்துக்குப் பஞ்சமா?” என்றார் சார், எல்லார் முன்னாலும். மொத்தப் பள்ளியும் சிரித்தது. எங்கள் பட்டறையில் இருந்ததெல்லாம் ஊரார் தங்கம். எங்களுக்கென்று இருந்தது கூலியும், குப்பையை அரித்தால் கிடைக்கும் தூளும்தான் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

கொடுத்தவர்கள் மனதாரத்தான் கொடுத்தார்கள், அதைக் குறை சொல்லமாட்டேன். வளையலைக் கழற்றிவிட்டு வெறுங்கையோடு போன பெண்களை நானே பார்த்திருக்கிறேன். சும்மா கொடுக்க மனம் வராதவர்களுக்கு ஆறரை சதவீத வட்டியில் தங்கப் பத்திரமும் இருந்தது. அதுவும் போதவில்லை. 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாடு வந்தது: இனி 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக்கூடாது. கடத்தல் தங்கத்துக்குப் போகிற அன்னியச் செலாவணியை மிச்சப்படுத்தலாம் என்பது நிதியமைச்சர் மொரார்ஜி தேசாயின் கணக்கு. கணக்கு சரியாகவே இருக்கட்டும். 22 காரட்டில் பழகிய கைக்கு 14 காரட் வேறு உலோகம். பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் தங்கம், மிச்சம் செம்பும் வெள்ளியும். அப்பா உருக்கிப் பார்த்தார். கம்பி இழுத்தால் விறைத்துக்கொண்டது, ஊதினால் கறுத்தது. அதில் தாலி செய்து கட்டிக்கொள்ள யார் வருவார்கள்? தை முகூர்த்தமெல்லாம் பட்டறை பூட்டியே கிடந்தது. அங்கங்கே பொற்கொல்லர்கள் உயிரை மாய்த்துக்கொண்ட செய்தி பேப்பரில் வரும். அம்மா அந்தப் பக்கத்தை மட்டும் அப்பா கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிடுவாள். அப்புறம் அப்பா ஊதுகுழலைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டு ஜவுளிக்கடையில் துணி கிழிக்கப் போனார்.

மோதிரம் கொடுத்த வீட்டுக்குக் கைதட்டினோம். தொழிலையே கொடுத்த எங்கள் தெருவை எந்தப் பிரேயரிலும் வாசிக்கவில்லை.

சாருக்கு இது எப்போது உறைத்ததோ தெரியாது. ஒருநாள் ட்ரில் பீரியடில் கூப்பிட்டு என் ஜாமெட்ரி நோட்டைப் புரட்டினார். “கோடு உனக்கு ரத்தத்துலயே இருக்குடா” என்றார். அன்றிலிருந்து கடைசி மணி அடித்ததும் டீ ஸ்கொயரும் கையுமாக அவரிடம்தான். பாலிடெக்னிக் விண்ணப்பத்தை அவரே நிரப்பி, பணமும் கட்டினார். பிரேயரில் சொன்னதைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் பிரம்பை மன்னித்துவிடலாம், அந்த ஒரு வாக்கியத்தை இன்னும் முடியவில்லை. அவர் கட்டிய பணத்தையும் மறக்க முடியவில்லை.

அந்தக் கோடுதான் என்னை டிராஃப்ட்ஸ்மேனாக்கி இந்தக் குளிர் தேசத்தில் கொண்டுவந்து போட்டது. 14 காரட் விதியை 1966-ல் எடுத்தார்கள். தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்னவோ 1990 வரை இருந்தது. சித்தப்பா மறுபடி உலை மூட்டினார். அப்பா, நான் வந்து உட்கார்ந்தால் மூட்டலாம் என்று இருந்திருக்கிறார். அப்பா போன பிறகு அம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். நான் அப்போது இங்கே வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருந்தேன்.

சங்க மலரில் பள்ளிக் கட்டட நிதிக்குத் தங்கப் புரவலர், வெள்ளிப் புரவலர் என்று தொகைவாரியாகப் பெயர் போடப்போகிறார்களாம். என் பங்கை அனுப்பிவிட்டேன். பெயர் வேண்டாம். டிராயிங் ரூமுக்கு ஆடாத போர்டுகள் வாங்குங்கள், அது போதும்.