டின் ஸ்வீட் கார்னை வீணாக்காமல் சமைக்க

டின் சோளம் ஏற்கெனவே வெந்தது. மூடி சீல் வைத்தபின் அதிக வெப்பத்தில் வேகவைத்துத்தான் கடைக்கு வருகிறது. அதனால் மறுபடி குக்கரில் வைக்க வேண்டாம், தோல் சக்கையாகிவிடும். அந்த வெப்பத்தில் வைட்டமின் சி கொஞ்சம் குறையும். நார்ச்சத்து அப்படியே நிற்கும். நீர் வடித்த 100 கிராமில் ஏறக்குறைய 70 முதல் 80 கலோரி, 2 கிராம் நார்ச்சத்து. மாவுச்சத்துதான் அதிகம், ஆகவே இதைக் காய்கறிக் கணக்கில் சேர்க்காமல் சோற்றின் அளவைக் குறைத்துக்கொள்வதே சரி. உப்பு சேர்த்த டின் என்றால் வடிகட்டியில் கொட்டி நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசுங்கள், உப்பு ஓரளவு குறையும்.

வாணலியில் வதக்கும்போதுதான் பலருக்குச் சிக்கல். ஈரத்தோடு எண்ணெயில் போட்டால் மணி வெடித்து முகத்தில் தெறிக்கும். துணியில் பரப்பி ஒற்றி, மிளகாய்த்தூளோடு 2 தேக்கரண்டி சோளமாவு பிரட்டிப் பொரித்தால் மொறுமொறுப்பாக வரும். கட்லெட்டுக்குப் பாதி மணிகளைக் கொரகொரப்பாக அரைத்துச் சேருங்கள். முழுதாகவே போட்டால் பிடிப்பில்லாமல் எண்ணெயில் உதிரும். சூப்புக்கு மட்டும் டின் தண்ணீரைக் கொட்டாதீர்கள், இனிப்பும் மணமும் அதில்தான். உப்பைக் கடைசியில் பார்த்துப் போடுங்கள்.

மிச்சத்தைக் கண்ணாடி டப்பாவுக்கு மாற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் 3 நாள் தாங்கும். உப்பிய டின்னைத் திறக்கவே வேண்டாம். ருசி பார்ப்பதும் ஆபத்து.