பரணிலிருந்து இறங்கிய பேந்தர்

பெரியப்பா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். எழுபதுகளில் ஜப்பானின் கோபே துறைமுகத்தில் இறங்கியபோது டமியா என்ற ஜப்பானிய மாடல் கம்பெனியின் பேந்தர் டாங்கி கிட் ஒன்று வாங்கி வந்திருக்கிறார். இரண்டாம் உலகப்போரின் ஜெர்மன் டாங்கியை பிளாஸ்டிக் பாகங்களில் நாமே சிறிதாகக் கட்டும் பெட்டி. தாம்பரம் வீட்டுப் பரணில் இத்தனை வருடம் கிடந்த அது, தீபாவளிக்கு ஒட்டடை அடிக்க ஏறிய என் தலையில் விழுந்தது. பெட்டி மூடியில் பாதியைப் பூச்சி தின்றுவிட்டது. உள்ளே முக்கால்வாசி கட்டிய டாங்கி. டரட், அதாவது பீரங்கி இருக்கும் மேல்கூடு, அதன் பாகங்கள் இன்னும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்தே வெட்டப்படவில்லை. பெயின்ட் இல்லை. ஆனால் வயிற்றுக்குள் இரண்டு பேட்டரி இருந்தது.

அதைப் பார்த்ததும் ஒன்று புரிந்தது. மனிதர் கட்டி முடிக்கும்வரை பொறுக்காமல் மொட்டை வண்டியாகவே ஓட்டிப் பார்த்திருக்கிறார். சக்கரங்களைச் சுற்றி ஓடும் வினைல் செயினைத் திருப்பிப் பார்த்தேன். தரையில் படும் பக்கம் மட்டும் தேய்ந்து மழுங்கியிருந்தது. கொஞ்ச நேரம் ஓட்டிய தேய்மானம் இல்லை அது.

அலமாரியில் வைக்க மட்டும் மாடல் கட்டுகிறவர்கள் இந்தப் பழைய கிட்களைக் கேலி செய்வார்கள். அடியில் சுவிட்சுக்கும் கியருக்கும் விட்ட ஓட்டைகள், அசலைவிடப் பருத்த உடம்பு. எல்லாம் உண்மைதான். ஆனால் இவை பிறந்ததே ஓடுவதற்காக. மரத்தில் மாடல்கள் செய்துகொண்டிருந்த டமியா, 1960-இல் யமாட்டோ போர்க்கப்பலோடு பிளாஸ்டிக்குக்கு வந்து கையைச் சுட்டுக்கொண்டது. அதற்குப் பின் கை கொடுத்தவற்றில் ஒன்று மோட்டார் வைத்த பேந்தர். மூடி ஓவியம் ஷிகேரு கோமட்சுசாகி வரைந்தது. உள்ளே இரண்டு பேட்டரியும் மோட்டாரும் அடங்கவேண்டும் என்று உடம்பின் அளவை முடிவு செய்தார்கள். அப்புறம் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 1/35, அதாவது அசலில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு நீளம், வந்தது. இன்றைக்கு உலகம் முழுக்க ராணுவ மாடல்களுக்கு வாய்ப்பாடாகிவிட்ட 1/35 வந்த வழி இதுதான். பேட்டரிக்காகத் தைத்த சட்டை. என் கையில் இருப்பது அதற்கு அடுத்து வந்த பேந்தர், ஆனால் புத்தி அதே புத்தி. அதனால் அன்றே தீர்மானித்துவிட்டேன்: அழகு பார்ப்பது பிறகு, முதலில் ஓடவேண்டும்.

முதல் ஞாயிறு முழுக்க பேட்டரி பெட்டியிலேயே போனது. இரண்டு பேட்டரியும் கசிந்து, வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்து, பித்தளைத் தகட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தன. ரிமோட்டில் கசிந்தால் வினிகர் தடவுவது என் வழக்கம். இங்கேயும் தடவினேன். ஒன்றும் நடக்கவில்லை, அறை முழுக்க ஊறுகாய் வாசனை அடித்ததுதான் மிச்சம். இப்போதைய ஆல்கலைன் பேட்டரி கசிவது காரம், அதற்கு வினிகர் சரி. அந்தக் காலத்துக் கார்பன் பேட்டரிக்குள் இருப்பது அமிலத்தன்மையுள்ள உப்பு. அதற்குச் சமையல் சோடாவைக் குழைத்துப் பூசவேண்டும். பூசியதும் லேசாக நுரைத்தது, பழைய பல்துலக்கியால் தேய்த்ததும் உரிந்து வந்தது. ஒரு தகடு மட்டும் அரித்துப் பொடியாகிவிட்டது. ஹார்டுவேர் கடையில் பித்தளைத் தகடு வாங்கி, கத்தரியால் வெட்டி, நடுவில் ஆணி முனையால் ஒரு குமிழ் தட்டிப் போட்டேன்.

மோட்டாரில்தான் பெரிய தப்பு செய்தேன். தண்டு இறுகிக் கிடந்தது. தையல் மெஷின் எண்ணெயை இரண்டு பக்கமும் தாராளமாக விட்டேன். தண்டு சுழன்றது, ஒரு நிமிடம் ஓடவும் செய்தது. அப்புறம் முனகி நின்றுவிட்டது. பின்பக்க மடிப்புகளை நிமிர்த்தித் திறந்தால், மின்சாரம் வாங்கும் செம்பு உருளை மேல் எண்ணெயும் கரியும் சேர்ந்து கண்மை மாதிரி அப்பியிருந்தது. எண்ணெய் தண்டின் இரண்டு முனையில் ஊசி நுனியளவு போதும், உள்ளே போகவே கூடாது. ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் பஞ்சு நனைத்துத் துடைத்தேன். மூன்று பிளவுகளுக்கு நடுவே இருந்த அழுக்கைப் பல் குத்தும் குச்சியால் எடுத்தேன். தாமிரம் பளபளவென்று வந்தது. சந்தோஷத்தில் மூடும்போது, உருளையைத் தொட்டுக்கொண்டு நிற்கும் விரல் மாதிரியான மெல்லிய தகடு ஒன்றை மடக்கி, நிமிர்த்தப்போய் முறித்துவிட்டேன். பத்து நிமிடம் யாரோடும் பேசவில்லை.

மறுநாள் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெரு. இன்றைய 130 ரக மோட்டார் பள்ளிக்கூட புராஜெக்ட் சாமான் விற்கும் எல்லாக் கடையிலும் குவியலாகக் கிடக்கிறது. இரண்டு மில்லிமீட்டர் தண்டு. கடைக்காரர் "ஒண்ணு போதுமா சார், அஞ்சா எடுத்துக்கோங்க" என்றார். மூன்று வாங்கினேன், அதில் ஒன்று பிறவியிலேயே நடுங்கியது. பழைய மோட்டாரைவிட இது கொஞ்சம் நீளம், கியர் கூட்டின் பின்சுவரில் இடித்தது. வெட்ட வேண்டியது கூட்டையா மோட்டாரையா என்று ஓர் இரவு யோசித்தேன். கூட்டை ஒரு மில்லிமீட்டர் அரத்தால் ராவினேன். பழசை வெட்டிக் குறைத்தது அந்த இடத்தில் மட்டும்தான். முறிந்த மோட்டாரைத் தூக்கிப் போடவில்லை, பெட்டியிலேயே இருக்கிறது.

மாட்டிப் போட்டதும் டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம். மோட்டார் தண்டில் மாட்டிய பழைய குட்டிப் பல்சக்கரத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தால் மயிரிழை விரிசல். இறுக்கமாக ஏற்றிய பிளாஸ்டிக் வயதாகி வெடித்து, அந்த இடத்தில் இரண்டு பல்லுக்கு நடுவே இடைவெளி கூடியிருந்தது. சுற்றுக்கு ஒரு டிக். புதியது போட்டதும் சத்தம் போய்விட்டது.

செயின் விஷயம் சோகம். வினைலை வளைய வைக்கச் சேர்க்கும் திரவம் காலப்போக்கில் வெளியே கசிந்து, பக்கத்தில் இருக்கும் சக்கரத்தின் பிளாஸ்டிக்கை, அதாவது பாலிஸ்டைரீனை, கரைக்கும். பேந்தருக்கோ ஒன்றுக்குள் ஒன்று பின்னிய சக்கரங்கள், பக்கத்துக்கு எட்டு அச்சு. அசல் டாங்கியில் ரஷ்யப் பனிக்காலத்தில் இந்தச் சக்கரங்களுக்கு நடுவே சேறு உறைந்து வண்டியை நிறுத்திவிடும் என்று படித்திருக்கிறேன். எனக்கு வந்தது பனி இல்லை, செயினே சக்கரத்தை உருக்கி ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு சக்கரத்திலும் செயினின் அச்சு பதிந்து, பக்கோடாவைக் கடித்துவிட்டு வைத்த மாதிரி இருந்தது. பிளேடு முனையால் பிரித்து, பள்ளங்களைப் புட்டிப் பசை வைத்து நிரப்பி, உப்புத்தாள் போட்டேன். மூன்று வாரம் சாயங்காலங்கள் இதற்கே போயின. உள்வரிசைச் சக்கரங்களை வெளிவரிசைக்கு முன்பே மாட்ட மறந்து ஒருதரம் முழுவதையும் கழற்றினேன். அதை விவரிக்க விருப்பமில்லை.

விறைத்திருந்த செயினை வெந்நீரில் போட்டதும் இளகியது. இணைப்பு மட்டும் அறுந்து போயிருந்தது. சூடான ஸ்க்ரூடிரைவரால் குமிழை நசுக்கி ஒட்டுவதுதான் டமியா முறை; குமிழே இல்லாததால் ஸ்டேப்ளர் பின் இரண்டு குத்தி உள்பக்கமாக மடித்தேன். சக்கரத்துக்கு அடியில் மறைந்துவிடுகிறது. ஓடி முடித்ததும் செயினைக் கழற்றித் தனிக் கவரில் போடுகிறேன், சக்கரம் மறுபடி உருகக்கூடாது.

முதல் ஓட்டம் ஹால் மொசைக் தரையில். சுவிட்சைத் தள்ளினால் பின்னாலேயே போனது. ஒயரை மாற்றிப் போட்டேன். இப்போது முன்னால் போனது, ஆனால் செக்கு மாடு மாதிரி இடது பக்கம் சுற்றியது. ஒரே மோட்டார், இரண்டு பக்கத்துக்கும் ஒரே தண்டு, ஏன் திரும்புகிறது? இடது செயின் அதிக இறுக்கம், பல்சக்கரம் அதில் சரியாகக் கடிக்காமல் வழுக்கியது. ஸ்டேப்ளர் பின் ஒன்றை எடுத்து ஒரு கண்ணி தளர்த்திக் குத்தியதும் நேராகப் போனது. பழைய பாடப் புத்தகங்களை அடுக்கி மேடு கட்டினேன். மூன்று புத்தகம் ஏறியது, நாலாவதில் முகத்தை முட்டிக்கொண்டு நின்றது.

டரட்டைக் கட்டிவிட்டேன், பெயின்ட் அடிக்கவில்லை. மஞ்சளேறிய ஸ்டிக்கர் தாளை ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கம் ஒட்டி வெயில் காட்டிக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது வாரம், கொஞ்சம் வெளுத்திருக்கிறது.

போன ஞாயிறு பெரியப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கையில் வாங்கி முதலில் அடிப்பக்கத்தைத்தான் திருப்பிப் பார்த்தார். தரையில் விட்டேன். கட்டிலுக்கு அடியில் போய், சுவரில் முட்டி, அங்கேயே செயினை உருட்டிக்கொண்டிருந்தது. பெரியம்மா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்தார்.

"அப்ப இதவிட வேகமா போகும்டா," என்றார் பெரியப்பா. "பேட்டரி புதுசா போட்டியா?"