எரிக்சனையும் பார்டர்லைனையும் ஒரே நோட்டில் எழுதுங்கள்

எம்.எஸ்சி. உளவியல் முதல் வருடத்தில், மனித வாழ்க்கையை எட்டு வளர்ச்சிப் பருவங்களாகப் பிரித்த உளவியலாளர் எரிக்சன் எனக்கு வளர்ச்சி உளவியல் நோட்டில் இருந்தார். பார்டர்லைன் (உணர்ச்சி, உறவு, 'நான் யார்' என்பது எல்லாம் நிலையில்லாமல் ஆடுவது) உள்ளிட்ட ஆளுமைக் கோளாறுகள் வேறொரு நோட்டில். செமஸ்டரில் இரண்டுக்கும் உள்ள தொடர்பைக் கேட்டார்கள். எட்டுப் பருவங்களையும் வரிசையாக எழுதினேன், கீழே டி.எஸ்.எம். எனும் அமெரிக்க மனநோய் அறிதல் கையேட்டின் அளவுகோல்களை எழுதினேன். தொடர்பை மட்டும் எழுதவில்லை. 15-க்கு 6 மார்க்.

நெட் தேர்வுக்கு மறுபடி உட்கார்ந்தபோதுதான் பிடி கிடைத்தது. எரிக்சன் சொன்ன அடையாள நெருக்கடி, அதாவது 'நான் யார்' என்ற தடுமாற்றம், நோயல்ல, வளரும் வயதில் வருவது. 1966-இல் உளவியலாளர் ஜேம்ஸ் மார்சியா அதை இரண்டு கேள்விகளாக்கினார்: தேடிப் பார்த்தாரா, ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றாரா? இரண்டும் இல்லையென்றால் அடையாளச் சிதறல். இதே சொல்லை உளப்பகுப்பாய்வாளர் ஆட்டோ கெர்ன்பெர்கும் கையாள்கிறார், ஆனால் பொருள் இன்னும் ஆழமானது. தன்னிடமும் நெருங்கியவர்களிடமும் உள்ள நல்லதும் கெட்டதும் ஒரே சித்திரமாகச் சேராமல் நிற்பது. நேற்று தெய்வமாகத் தெரிந்த தோழி இன்று துரோகி. ஒரே சொல், இரண்டு பொருள்: தேர்வில் பலர் வழுக்கும் இடம் இதுதான்.

அடுத்து டி.எஸ்.எம்.-5. பார்டர்லைனுக்கான 9 அளவுகோல்களில் அடையாளக் குலைவு ஒன்று. ஏதேனும் 5 இருந்தால் போதும் என்பதால், அது இல்லாமலும் அந்த நோயறிதல் வரலாம். அதே நூலின் மூன்றாம் பகுதியிலுள்ள மாற்று மாதிரியிலோ, எல்லா ஆளுமைக் கோளாறுகளுக்கும் பொதுவாகப் பார்க்கும் நான்கில் முதலாவதே அடையாளம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐ.சி.டி.-11-உம் 'தான்' என்ற உணர்வையும் உறவுகளையும் வைத்தே தீவிரத்தை அளக்கிறது. ஓரத்தில் இருந்தது நடுவுக்கு வந்த இந்தக் கதையை எழுதினாலே விடை நிமிர்ந்துவிடும்.

கேஸ் கேள்வியில் இருபது வயதுப் பையன் இரண்டு முறை கோர்ஸ் மாறியிருந்தால் அவசரப்படாதீர்கள். அவன் தேடுகிறான். ஆனால் ஒவ்வொரு கூட்டத்திலும் பேச்சு, ரசனை, நம்பிக்கை எல்லாம் மாறி, உறவு முறிந்தவுடன் "உள்ளே யாருமே இல்லை" என்கிறவன் வேறு.

ஒரு இரவு ஹாஸ்டலில் அந்த ஒன்பதுக்கும் நேராக பென்சிலால் எனக்கு நானே டிக் போட்டேன். ஆறு விழுந்தது. தூக்கமே வரவில்லை. மறுநாள் மேடத்திடம் காட்டினேன். "எத்தனை வருஷமா இருக்கு? வீடு, வகுப்பு, நட்புன்னு எல்லா இடத்திலயுமா?" என்று கேட்டார். செமஸ்டர் நெருங்கிய மூன்று வாரங்களாகத்தான். ஆறையும் அழித்தேன். உங்களுக்குப் பதில் 'ஆமாம், வருஷக்கணக்காக' என்றால் நோட்டை மூடிவிட்டு கவுன்சலரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் இரவிலும் எடுப்பார்கள்.