நூறு மதிப்பெண் எதைச் சொல்கிறது?

இணையதளங்களின் அணுகல்தன்மையை, அதாவது மாற்றுத்திறனாளிகள் உட்பட எல்லோராலும் அவற்றைப் பயன்படுத்த முடிகிறதா என்பதைச் சோதிக்கும் தானியங்கிக் கருவிகள் வேண்டாம் என்பது என் வாதமன்று. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5:1 என்ற நிற வேறுபாட்டு விகிதம் இருக்கிறதா, படிவத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர் இருக்கிறதா என்பவற்றை அவை மனிதரைவிட விரைவாகவும் சலிப்பின்றியும் பார்த்துவிடுகின்றன. கூகுளின் லைட்ஹவுஸ் என்ற சோதனைக் கருவி காட்டும் பச்சை வட்டத்துக்குள் நூறு என்ற எண்ணைக் கண்டவுடன், தளம் எல்லோருக்கும் பயன்படும் என்று முடிவுகட்டிவிடுவதில்தான் சிக்கல்.

2017-இல் பிரிட்டன் அரசின் டிஜிட்டல் சேவைப் பிரிவு, 140-க்கும் மேற்பட்ட தடைகளை வேண்டுமென்றே வைத்து ஒரு பக்கத்தை உருவாக்கிப் பல கருவிகளைக் கொண்டு சோதித்தது. முதலிடம் பெற்ற கருவியே ஏறத்தாழ 40 விழுக்காட்டைத்தான் கண்டுபிடித்தது. நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை எந்தக் கருவியிடமும் சிக்கவில்லை. 2019-இல் வியன்னாவைச் சேர்ந்த மானுவேல் மதுசோவிச் என்ற இணைய உருவாக்குநர், எவராலும் பயன்படுத்த முடியாத பக்கம் ஒன்றை எழுதி, அதற்கு லைட்ஹவுஸில் நூறு மதிப்பெண் வாங்கிக் காட்டினார்.

தமிழ்த் தளங்களைப் பாதிக்கும் ஒரு குறையும் இப்படித்தான் தப்பிவிடுகிறது. பக்கத்தின் மொழி எது என்று நிரலின் தொடக்கத்தில் குறிப்பிட வேண்டும். வார்ப்புருவோடு வந்த ஆங்கிலக் குறியீட்டை மாற்ற மறந்தால், பக்கம் முழுவதும் தமிழாகவே இருந்தாலும் திரையில் உள்ளதைப் பார்வையற்றவருக்குக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் என்ற மென்பொருள் அதை ஆங்கிலக் குரலிடம் ஒப்படைத்துவிடக்கூடும், அந்தக் குரலோ தமிழ் எழுத்துகளை உருக்குலைக்கும் அல்லது விட்டுவிட்டுப் போகும். மொழிக்குறியீடு இருக்கிறது, அது செல்லுபடியாகும் குறியீடுதான் என்பதோடு கருவியின் வேலை முடிந்துவிடுகிறது. டபிள்யூசிஏஜி (WCAG) என்ற பன்னாட்டு அணுகல்தன்மை நெறிமுறையில் இது மிக அடிப்படையான ஏ நிலையிலேயே தோல்வி என்பதுதான் வேடிக்கை.

அறிவிப்புகளைத் தாளில் அச்சிட்டு, கையொப்பமிட்டு, வருடியெடுத்துப் படமாக ஏற்றும் நம் அலுவலக வழக்கமும் இத்தகையதே. படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் படிக்கும் மாற்று உரையில் ‘அறிவிப்பு’ என்று ஒரு சொல் இருந்தால் போதும், கருவி நிறைவடைந்துவிடும். விண்ணப்பிக்க வேண்டிய கடைசி நாள் எது என்பது மட்டும் பார்வையற்றவருக்குத் தெரியாது.

ஆகவே, கருவி முடித்த இடத்திலிருந்து மனிதச் சோதனை தொடங்க வேண்டும். சுட்டியை ஒதுக்கிவிட்டு, டேப் விசையால் மட்டும் படிவத்தை இறுதிவரை நிரப்பிப் பார்ப்பதற்குச் செலவேதும் இல்லை. என்விடிஏ என்ற திரைவாசிப்பானும் இலவசமாகக் கிடைக்கிறது, அதோடு வரும் ஈஸ்பீக் குரல் தமிழும் படிக்கும். இருப்பினும், அன்றாடம் திரைவாசிப்பானையே நம்பியிருப்பவரின் பழக்கமும் வேகமும் நமக்கு வாய்க்கா. அவர்களை ஊதியம் தந்து சோதனைக்கு அழைக்கும் செலவை ஒப்பந்தப்புள்ளியிலேயே சேர்த்துவிட வேண்டும்.